சங்கிலி அறுந்த இடம்

குரு என்றதும் உங்களுக்குத் தாடியும் தண்டமும் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. என் குருவிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு ஹெல்மெட், யாருக்கும் பயப்படாத ஒரு வாய். பெயர் டாக்டர் செண்பகவல்லி. பொறியியல் கல்லூரியில் பேராசிரியை. வயது முப்பத்தாறு.

சீடனுக்கு வயது ஐம்பத்தேழு. அந்தச் சீடன் நான்தான்.

என் பெயர் வேதமாணிக்கம். ஊரின் கழிவுநீர்ப் பிரிவில் உதவி செயற்பொறியாளர். முப்பது வருஷமாக இந்த ஊர்ச் சாக்கடையை ஓட வைத்துக்கொண்டிருப்பவன். நான் திறந்து பார்க்காத மேன்ஹோல் இந்த ஊரில் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். நிமிர்ந்துவிட்டுப் போகட்டும்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் பெயருக்கு முன்னே ‘டாக்டர்’ போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஆசை. பகுதிநேர ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். என்னைவிட இருபத்தொரு வயது சின்னவரை வழிகாட்டியாகப் போட்டார்கள். போட்டால் என்ன, சாக்கடையைப் பற்றி எனக்குத் தெரியாததையா இந்த அம்மா சொல்லித் தரப்போகிறார் என்று நினைத்தேன்.

முதல் நாள் அவர் சொன்னது இதுதான்.

“சார், ரெண்டு நோட்டு வாங்கிட்டு வாங்க.”

“ஒண்ணு பத்தாதா மேடம்?”

“ஒண்ணு ரிசல்ட் எழுத. இன்னொண்ணு குப்பை நோட்டு.”

“குப்பையா?”

“கரன்ட் போனது, கயிறு அறுந்தது, பாட்டில் கவுந்தது, உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் வராம இருந்தது. எல்லாக் குப்பையும் அதுல எழுதணும். இந்த லேப்ல அது வழக்கம்.”

வாங்கினேன். அட்டை போட்டுப் பெயரும் எழுதினேன். உள்ளே எழுத எனக்கு என்ன பைத்தியமா? வேலை தெரியாத பிள்ளைகளுக்கு அது சரி. எனக்கு எதற்கு?

ஆய்வு என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் பெரிய கான்கிரீட் குழாய் பதினோரு கிலோமீட்டர் ஓடுகிறது. கழிவுநீர் கான்கிரீட்டைத் தின்னும். அதைத் தடுக்கக் குழாயின் உட்பக்கம் முழுக்க அடிக்கிற ஒரு பூச்சை ஒரு கம்பெனி கொண்டு வந்தது. அது தாங்குமா, தாங்காதா? அதுதான் கேள்வி.

இருபத்துநாலு கான்கிரீட் வில்லைகளுக்கு அந்தப் பூச்சை அடித்தேன். நீரேற்று நிலையத்தில் ஊர்க் கழிவெல்லாம் வந்து விழும் ஆழக் கிணறு ஒன்று உண்டு. அதற்குள் இரும்புச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டேன். பதினெட்டு மாசம். மூன்று மாசத்துக்கு ஒருமுறை நாலு வில்லையை எடுப்பேன், கழுவுவேன், எடை போடுவேன், படம் பிடிப்பேன்.

ஒரு வில்லையிலாவது ஒரு கீறல் வேண்டுமே! கிடையாது. கடைசி நாலும் புதுத் தட்டு மாதிரி வழவழவென்று வந்தன.

எனக்கு ஒரே சந்தோஷம். ‘பூச்சு தாங்கும், குழாய் முழுவதற்கும் பயன்படுத்தலாம்’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி எங்கள் மேலதிகாரி தனுஷ்கோடிக்குப் போனது. இன்னொன்று மேடத்துக்கு. அவரும் கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்கு வேலை, ஊருக்குப் பூச்சு, எனக்குப் பட்டம். ஆகஸ்டில் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் ‘டாக்டர் வேதமாணிக்கம்’ என்று அச்சடிக்க வேண்டும். சொந்தக்காரன் அத்தனை பேரிடமும் வாய் சும்மா இருக்காமல் சொல்லியும் வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. மேடம் கையெழுத்துப் போடவில்லை.

நேரே லேபுக்குப் போய் நின்றேன்.

“மேடம், அறிக்கையில என்ன தப்பு?”

“தப்பு ஒண்ணும் இல்ல சார்.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போடல?”

“தப்பு ஒண்ணுமே இல்ல. அதான்.”

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இந்தப் பேச்சையெல்லாம் நான் எவ்வளவு பார்த்திருக்கிறேன்!

“சுத்தி வளைக்காதீங்க மேடம். நேராச் சொல்லுங்க.”

அவர் அலமாரியைத் திறந்து என் குப்பை நோட்டை எடுத்தார். விரித்தார். முதல் பக்கம் வெள்ளை. நடுப்பக்கம் வெள்ளை. கடைசிப் பக்கமும் வெள்ளை.

“பதினெட்டு மாசம் சார். சாக்கடைக் கிணத்துல. ஒரு நாள்கூட ஒண்ணும் கெட்டுப் போகல, அறுந்து விழல, தொலைஞ்சு போகல. சாமிக்குக்கூட இப்படி ஒரு பதினெட்டு மாசம் அமையாது.”

“எனக்கு அமைஞ்சுது.”

அவர் என் அறிக்கையில் இருந்த இரண்டு படங்களை மேசையில் வைத்தார். ஒன்று வில்லைகளைத் தொங்கவிட்ட அன்று எடுத்தது. மற்றது கடைசி மாசம்.

“வில்லையப் பாக்காதீங்க. சங்கிலியப் பாருங்க.”

பார்த்தேன். இரண்டு படத்திலும் சங்கிலி பளபளவென்று இருந்தது.

“கடைசிப் படத்துல அது பதினெட்டு மாசம் சாக்கடைக்குள்ள கிடந்த சங்கிலி. கல்யாணத்துக்கு வாங்கின சங்கிலி மாதிரி எப்படி சார் மின்னுது?”

“அது… மாத்தினோம் மேடம்.”

“எத்தனை தடவை?”

“மூணு தடவை.”

“ஏன்?”

“அறுந்துச்சு. சங்கிலிதான மேடம்! அறுந்தா மாத்த வேண்டியதுதான். நாம சோதிச்சது வில்லைய. சங்கிலியவா சோதிச்சோம்?”

மேடம் எழுந்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

“எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு. அறுந்த சங்கிலி கிடைச்சா கொண்டு வாங்க.”

“கிளாஸுக்கு ஹெல்மெட் எதுக்கு மேடம்?”

“கிளாஸ் அந்தப் பக்கத்துக் கட்டடம். நடக்க நேரமில்ல,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திட்டிக்கொண்டேதான் நீரேற்று நிலையத்துக்குப் போனேன். அங்கே பம்ப் ஆபரேட்டர் லூர்து. பதினைந்து வருஷமாக அந்தக் கிணற்றின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பவர். மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்று அவரே சொல்லுவார்.

“லூர்து, பழைய சங்கிலி எங்கயாவது கிடக்கா?”

“நீங்கதான சார் தூரப் போடச் சொன்னீங்க.”

“போட்டுட்டீங்களா?”

“இரும்பை யாராவது தூரப் போடுவாங்களா? கேட்டைக் கட்டி வச்சிருக்கேன்.”

நல்ல மனுஷன். போய்ப் பார்த்தேன். பின்பக்க கேட்டில் சங்கிலி கட்டியிருந்தது. அவிழ்த்தேன்.

“எங்க அறுந்துச்சு லூர்து?”

“மூணு தடவையும் ஒரே இடம் சார். மேல. மூடிக்குக் கீழ ஒரு முழத்துல. நான் ரெண்டாந் தடவையே சொன்னேனே, இரும்பு மேலதான் இத்துப் போகுது, கீழ நல்லா இருக்குன்னு.”

“எங்கிட்டயா சொன்னீங்க?”

“உங்ககிட்டதான். ‘பேசாம மாத்துய்யா, எனக்கு மீட்டிங் இருக்கு’ன்னு சொன்னீங்க.”

சொல்லியிருப்பேன். நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான்.

மறுநாள் காலை சங்கிலியைக் கொண்டுபோய் லேப் மேசையில் நீளமாக விரித்தேன். மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொடக்கூட இல்லை.

“சொல்லுங்க சார்.”

“என்னத்தச் சொல்ல?”

“என்ன இருக்கோ அத.”

ஒரு முனை கெட்டியாக இருந்தது. கண்ணி கண்ணியாக விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். கெட்டி, கெட்டி, கெட்டி. பாதிக்கு மேல் கொஞ்சம் மெலிந்தது. மறுமுனையில் கண்ணிகள் கம்மல் கம்பி மாதிரி ஆகியிருந்தன. நகத்தால் கீறினால் உதிர்ந்தது.

“கெட்டியா இருக்கிற பக்கம் எது சார்?”

“தண்ணிக்குள்ள கிடந்த பக்கம்.”

“உதிர்ற பக்கம்?”

“வெளிய இருந்த பக்கம். தண்ணியே படாத பக்கம்.”



“உங்க வில்லையெல்லாம் எங்க தொங்குச்சு?”

“தண்ணிக்குள்ள.”

“குழாயில தண்ணி எவ்வளவு உசரம் ஓடும்?”

“பாதி. அதுக்கும் கம்மி.”

“மேல்பாதி?”

“காலி.”

   மீதி எனக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கீரைச்சந்தைத் தெருவில் ரோடு உள்வாங்கியது. வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு சரக்கு ஆட்டோ குழிக்குள் போனது. ஓட்டுநருக்கு இரண்டு காலும் முறிந்தது. தோண்டிப் பார்த்தபோது முதல் ஆளாகக் குனிந்து பார்த்தவன் நான். குழாயின் அடிப்பாகம் நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது. கூரைதான் இல்லை.

இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு, வில்லையைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் முக்கினேன். ஏன்? சோதனைக் கையேட்டில் ‘மூழ்க வைக்கவும்’ என்று போட்டிருந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் கெடுத்தேன்.

மேடம் இழுப்பறையிலிருந்து அமிலம் பார்க்கிற தாள் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“நீளக் கழியில கட்டிப் பாருங்க. யாரையும் உள்ள இறக்கிடாதீங்க.”

“நான் என்ன கொலைகாரனா மேடம்?”

“பழக்கதோஷத்துல சொல்றேன்.”

லூர்து மூடியைத் திறந்தார். அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. அந்த வாயுதான் மேலே போய் ஈரச் சுவரில் ஒட்டும். அங்கே இருக்கிற கிருமிகள் அதைத் தின்று அமிலமாக்கும். பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம். பரீட்சையில் இதற்கு நான் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன்.

கழியில் கட்டிய தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். நிறம் மாறவில்லை. இன்னொன்றை மேல்சுவரில், மூடிக்குக் கீழே ஒரு முழத்தில், ஒட்டி எடுத்தேன். செக்கச் செவேலென்று வந்தது. எலுமிச்சம்பழம்கூட அவ்வளவு சிவப்பாக்காது.

“என்ன சார், நல்லதா கெட்டதா?” என்றார் லூர்து.

“உங்க பேச்ச அன்னைக்கே கேட்டிருக்கணும் லூர்து.”

“அதுக்கென்ன சார், இப்ப கேக்குறீங்கல்ல?” என்று சொல்லி மூடியைச் சாத்தினார்.

லேபுக்குத் திரும்பி வந்ததும் எனக்குக் கோபம் மேடத்தின் மேல்தான் திரும்பியது. வேறு யார்மேல் திருப்ப? என் மேலா?

“மறுபடி செய்யணும்னா இன்னும் ரெண்டு வருஷம் ஆகும் மேடம்.”

“ஆகும்.”

“என் மகளுக்கு ஆகஸ்டுல கல்யாணம்.”

“தெரியும். பத்திரிகை குடுங்க, வர்றேன்.”

“பூச்சு நல்ல பூச்சாவே இருக்கலாம். மேலயும் தாங்கலாம்.”

“தாங்கலாம். நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“நானும் பாக்கல.”

“இப்பப் போய், முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவன், ‘நான் இடம் மாத்தித் தொங்கவிட்டுட்டேன்’னு சொன்னா ஊரே சிரிக்காதா மேடம்?”

அவர் எழுந்து போய், தன் மேசையின் அடி இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தது. அவருடைய குப்பை நோட்டு. பட்டத்துக்குப் படித்தபோது எழுதியது. ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார். படித்தேன்.

‘இன்று, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி என்று தெரியாமல் அதே வாளியில் தண்ணீர் எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். கழிவைச் சுத்தம் செய்ய நாலு மாதம் வளர்த்த கிருமிகள் எல்லாம் செத்துப்போயின. வேறு யாரும் காரணமில்லை. நான்தான். அழுதேன். நாளை மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.’

“துறையில எல்லாரும் சிரிச்சாங்களா மேடம்?”

“நல்லாச் சிரிச்சாங்க சார். ஒரு வருஷம் என் பேரே பிளீச்சிங்தான்.”

அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் மனைவி ஜெபமணி கல்யாணப் பத்திரிகைப் பிரதியோடு உட்கார்ந்திருந்தாள். அச்சகத்துக்காரர் திருத்தம் கேட்டு அனுப்பியிருந்தார்.

“உங்க பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுரச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். பின்னால பி.இ. மட்டும் போடச் சொல்லு.”

“என்னங்க, இப்படிச் சொல்லுதிய! சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாச்சே!”

“சொன்னது நான்தான. நானே போய்ச் சொல்லிக்கிடுதேன், இல்லன்னு.”

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். காபி போட்டுக் கொடுத்தாள். அன்று அந்தக் காபி எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கூட்டம். தனுஷ்கோடி நடுவில் இருந்தார். பக்கத்தில் கம்பெனிக்காரர், இஸ்திரி கலையாத சட்டை. எதிரே மேடம். அவர் பக்கத்தில் நான். மேசையில் என் அறிக்கை.

“மேடம் இன்னும் கையெழுத்துப் போடலையாம்,” என்று ஆரம்பித்தார் தனுஷ்கோடி. “பரவாயில்ல. அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நம்ம வேதமாணிக்கம் கையெழுத்து இருக்கு. முப்பது வருஷ அனுபவம். அது போதும்னு மேல சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வேலையத் தொடங்கிரலாம்.”

மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று தோன்றியது. சொல்லவில்லை. 

“சார், அந்த அறிக்கையைக் கொஞ்சம் குடுங்க,” என்றேன்.

“என்ன, எழுத்துப்பிழையா?”

“ஆமா சார். ஒரு சின்னப் பிழை.”

தள்ளினார். பேனாவைத் திறந்தேன்.   கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் கையெழுத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். அதன் கீழே எழுதினேன். ‘வில்லைகள் தண்ணீருக்குள் மட்டுமே சோதிக்கப்பட்டன. குழாய் இடிவது மேல்பாகத்தில். மேல்பாகத்தை நான் சோதிக்கவில்லை. எனவே இந்தப் பூச்சு தாங்கும் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.’ தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

“இப்ப சரி சார். இந்தக் கையெழுத்து செல்லும்.”

தனுஷ்கோடி படித்தார். காது மடல் சிவந்தது.

“என்ன வேதமாணிக்கம், விளையாடுறீங்களா? பதினெட்டு மாசமா என்னய்யா பண்ணீங்க?”

“தப்பான இடத்துல தொங்கவிட்டேன் சார்.”

“வெக்கமா இல்ல?”

“இருக்கு சார். ரொம்ப இருக்கு. அந்தச் சந்தைத் தெருவுல மறுபடியும் ரோடு உள்ள போச்சுன்னா இதைவிடப் பெரிய வெக்கம்.”

“மெமோ வரும். தெரியுமில்ல?”

“குடுங்க சார். வாங்கிக்கிறேன். ஆனா அடிச்சது அடிச்சதுதான்.”

“ரிட்டயர் ஆகறவரைக்கும் உங்களை எங்க உட்கார வைக்கணும்னு எனக்குத் தெரியும்.”

“எங்க உட்கார வச்சாலும் அங்கயும் ஒரு மேன்ஹோல் இருக்கும் சார். இந்த ஊர்ல அது இல்லாத இடமே கிடையாது.”

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். “சார், எங்க பூச்சு மேலயும் தாங்கும். உலகம் பூரா…”

“அப்ப மேல தொங்கவிட்டுப் பாக்கலாமே,” என்றேன். “கிணறு அங்கயேதான் இருக்கு. நானே தொங்கவிடறேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

தனுஷ்கோடிக்கு இப்போது என்னோடு பேசி ஆகாது என்று தெரிந்துவிட்டது. மேடத்தின் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா மேடம், உங்க மாணவர் பண்ற காரியத்தை? எல்லாம் நீங்க குடுக்கிற தைரியம். சரி, போகட்டும். இந்த ஊர்ல உங்க காலேஜ் ஒண்ணுதானா இருக்கு? நாளைக்கே வேற இடத்துல கேட்டா, மேலயும் தாங்கும் கீழயும் தாங்கும்னு அழகா எழுதிக் குடுத்துட்டுப் போறான். என்ன பண்ணுவீங்க?”

மேடம் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் எழுந்தேன்.

“எழுதிக் குடுப்பாங்க சார். எங்களைவிட அழகாவே எழுதிக் குடுப்பாங்க,” என்றார். “ஆனா குழாய்க்குப் படிக்கத் தெரியாதே.”